இடித்தவர் காசா, நம்ம இன்சூரன்ஸா, கோர்ட்டா?

போன வருஷம் வேலூர் கிரீன் சர்க்கிள் சிக்னலில் காரோடு நின்றிருந்தேன். பின்னால் வந்த குட்டி யானை டிக்கியில் வந்து இடித்தது. சித்தூர் வண்டி, ஏபி 03 நம்பர், நிறைய தக்காளிக் கூடை. டிரைவர் தம்பி இறங்கி வந்து, "இன்னா சார், லேசா தான பட்டுச்சு" என்றான். பம்பர் ஒரு பக்கம் பிய்ந்து தொங்குகிறது, டெயில் லேம்ப் சில்லு சில்லாக ரோட்டில் கிடக்கிறது. யாருக்கும் அடி இல்லை. அடி பட்டிருந்தால் அங்கேயே பேசி முடிக்கிற வேலையே கிடையாது, நேராக ஸ்டேஷன்தான்.

இந்த மாதிரி நேரத்தில் நமக்கு இருப்பது மூன்று வழி: இடித்தவரிடமே காசு வாங்குவது, நம் பாலிசியில் கிளெய்ம் போடுவது, இடித்த வண்டியின் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸிலிருந்து (அந்த வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கானது) வாங்க மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துக்குப் போவது. நம் மேல் தப்பே இல்லை, நம் பாலிசி எதற்கு இருக்கிறது என்று எல்லோரும் முதலில் நினைப்பது இரண்டாவதைத்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன், கணக்குப் போடும் வரைக்கும்.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் எஸ்டிமேட் 18,400 ரூபாய். பம்பர் 5,200, டெயில் லேம்ப் 2,800, டிங்கரிங் கூலி 3,500, பெயிண்டிங் 6,900. என்னிடம் இருந்தது நம் வண்டிச் சேதத்துக்கும் பணம் தரும் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, தேய்மானம் கழிக்காமல் தரும் பம்பர் டூ பம்பர் எடுக்கவில்லை. அதனால் பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலைதான் கிடைக்கும். பம்பரில் 2,600, லேம்ப்பில் 1,400 போச்சு. பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் விலை என்று எடுத்துக்கொண்டு அதில் பாதியைக் கழிப்பார்கள். அது ஒரு 860. அப்புறம் 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. மொத்தம் 5,860 என் கையிலிருந்து. கம்பெனி தருவது 12,540.

சரி, அதுவாவது வருகிறதே என்றால், அடுத்த அடி நோ கிளெய்ம் போனஸில், அதாவது கிளெய்ம் போடாத வருஷங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியில் விழுகிறது. தப்பு யார் மேல் என்று போனஸ் பார்ப்பதில்லை. நம் பாலிசியில் கிளெய்ம் போட்டால் பூஜ்ஜியம்தான். எனக்கு அப்போது 35 சதவீதம். கிளெய்ம் இல்லாமல் இருந்தால் அடுத்த வருஷம் 45, அதற்கப்புறம் 50. போட்டால் 0, 20, 25, 35, 45 என்று முதல் படியிலிருந்து ஏற வேண்டும். ஐந்து வருஷ வித்தியாசத்தைக் கூட்டினால் 120 சதவீதம். இந்தத் தள்ளுபடி கணக்காவது ஓன் டேமேஜ் பிரீமியத்தில், அதாவது நம் வண்டிச் சேதத்துக்காகக் கட்டும் பகுதியில். எனக்கு அது 8,000 என்பதால் கிட்டத்தட்ட 9,600 ரூபாய். வண்டி மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும், ஆகவே கொஞ்சம் கம்மியாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் 12,540 வாங்கி 9,600 விடுவதில் மிச்சம் மூவாயிரம்தான்.

இதே பில் அறுபதாயிரம், எழுபதாயிரம் என்றால் கதையே வேறு. போனஸ் இழப்பு அதே ஒன்பதாயிரத்துச் சொச்சம்தான், வருகிற பணமோ பல மடங்கு. அங்கே யோசிக்காமல் கிளெய்ம் போடலாம். இடித்தவரிடம் வசூலிக்கிற பாடு உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியுடையது. ஒன்று கவனிக்க வேண்டும்: ரோட்டில் அவரிடம் காசு வாங்கி "இனி எந்தப் புகாரும் இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளெய்முக்கும் போகாதீர்கள். ஒரே செலவுக்கு இரண்டு பக்கம் பணம் கிடையாது.

தீர்ப்பாயம் என்னைப் பொறுத்தவரை தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் வைத்திருப்பவர்களுக்கான வழி. அவர்களுக்கு இரண்டாவது வழியே கிடையாதே. இடித்தது காரோ லோடு வண்டியோ என்றால் பொருள் சேதத்துக்கு இடித்த வண்டியின் பாலிசியில் பொதுவாக 7.5 லட்சம் வரை இடமுண்டு, டூவீலர் என்றால் 1 லட்சம். வண்டி ஆந்திராவாச்சே, சித்தூருக்கு அலையணுமா என்று பயப்பட வேண்டாம். விபத்து நடந்த ஊரிலோ நாம் குடியிருக்கும் ஊரிலோ மனுப் போடலாம், அதாவது சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்திலேயே. ஆனால் எஃப்ஐஆர், பிரேக் இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட், போட்டோ, பில், வக்கீல், வாய்தா என்று நீளும். சட்டத்தில் ஆறு மாதக் கெடு எழுதியிருக்கிறது, தள்ளிப்போடக் கூடாது. மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிகிற கேஸ்களும் உண்டு. எப்படியானாலும் 18,400 ரூபாய்க்கு இந்த அலைச்சலை நான் படமாட்டேன்.

அந்தத் தம்பியிடம் ரோட்டில் வைத்து நான் தொகையே சொல்லவில்லை. இது முக்கியம். பத்தாயிரம் என்று வாயைத் திறந்தால் அவன் ஆயிரத்தில் ஆரம்பிப்பான், சுற்றி நிற்கிற நாலு பேர் இரண்டாயிரத்தில் முடித்து வைப்பார்கள். வண்டி நம்பர், லைசென்ஸ், இடிபட்ட இடம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்தேன். வண்டி விவரம் காட்டும் அரசு ஆப்பான எம்பரிவாஹனில் நம்பரைப் போட்டுப் பார்த்தால் இன்சூரன்ஸ் உயிரோடு இருந்தது. இல்லாமல் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். தீர்ப்பாயத்தில் ஜெயித்தாலும் ஓனர் சட்டையைத்தான் பிடிக்க வேண்டும். அப்புறம் அவன் ஓனருக்குப் போன் போட்டுக் கொடுத்தான். "அண்ணா, தக்காளி வாடிடும், வண்டிய விடுங்க, பட்டறையில என்ன சொல்றாங்களோ குடுத்துடறேன்" என்றார் அவர்.

காட்பாடி ரோட்டில் எனக்குப் பழக்கமான பட்டறையில் டிங்கர் அண்ணன் பம்பரைத் தட்டிப் பார்த்து, "மாத்தாதீங்க, வெல்டு வச்சு பட்டி பாத்துடலாம்" என்றார். லேம்ப் புதுசு, டிக்கி தட்டி பெயிண்ட், எல்லாம் சேர்த்து 9,500. ஓனர் அங்கேயே 4,000 ஜிபே பண்ணினார், மறுவாரம் 3,000. மீதி 2,500-ஐ நான் போட்டேன். நாலு தடவை போன் பண்ணியிருந்தால் அதுவும் வந்திருக்கும், எனக்குத்தான் சலித்துவிட்டது. போனஸ் 45-க்கு ஏறிவிட்டது.

பம்பர் கலர் மட்டும் ஒட்டவில்லை. நிழலில் தெரியாது, வேலூர் மத்தியான வெயிலில் நன்றாகவே தெரியும்.