மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை: தை மாதக் காய்களுக்காகவே போகலாம்

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் திறக்கப்பட்டது. அடையாள அட்டை பெற்ற விவசாயிகள், இடைத்தரகர் இல்லாமல் தங்கள் விளைச்சலைத் தாங்களே விற்க வேண்டும் என்பதும், மொத்தச் சந்தை நிலவரத்தைப் பார்த்து அன்றன்று நிர்ணயிக்கப்படும் விலையைப் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்பதும் இத்திட்டத்தின் அடிப்படை. மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், வெளிக்கடை விலையைவிட 15 விழுக்காடு குறைவாகவும் இருக்கும்படி அந்த விலை வகுக்கப்பட்டது. ஆயினும் நான் இச்சந்தையைப் பரிந்துரைப்பது விலைக்காக அன்று, காயின் பக்குவத்துக்காகவே.

தை, மாசி மாதங்களில் பச்சை மொச்சையும் அவரையும் நாட்டுக் கத்தரிக்காயும் ஒன்றாக வரத்தாகும். அன்று பறித்த கத்தரிக்காயின் காம்பு பச்சை மாறாமல், கையில் முள் குத்தும்படி இருக்கும். நறுக்கினால் விதைகள் வெண்மையாகவும் பிஞ்சாகவும் தெரியும். விதை பழுத்துக் கறுத்த காயில் ஏறும் கசப்பை எத்தனை மசாலா போட்டாலும் மறைக்க முடியாது. இந்தக் கத்தரிக்காயையும் உரித்த மொச்சையையும் சேர்த்து வைக்கும் புளிக்குழம்புக்கு நல்லெண்ணெய், சின்ன வெங்காயம், பூண்டு, வீட்டு மிளகாய்த்தூள் ஆகியவையே போதும். காய்ந்த மொச்சையைப் போலப் பச்சை மொச்சையை இரவே ஊறவைக்கத் தேவையில்லை; ஆனால் புளிப்பில் மொச்சை எளிதில் வேகாது என்பதால், அதை முதலில் உப்பு நீரில் மலர வேகவைத்துக்கொண்டு, வதக்கிய கத்தரிக்காயுடன் சேர்த்த பிறகே புளியைக் கரைத்து ஊற்ற வேண்டும். மொச்சை வெந்த நீரையும் கொட்டிவிடாமல் குழம்பிலேயே சேர்த்தால், தேங்காய் அரைத்து ஊற்றாமலேயே குழம்பு கெட்டிப்படும்.

பிஞ்சு அவரைக்கு நார் உரித்துத் தண்ணீர் தெளித்து வேகவைத்தாலே போதும்.

எந்த உழவர் சந்தைக்குப் போனாலும், ஓரிரு காய்களை மட்டும் குவித்து வைத்திருப்பவரிடம் வாங்குவதே என் வழக்கம். எல்லாக் காயும் ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் பறிபடுவது அரிது என்பதால், அவர் தம் தோட்டத்துக் காயையே விற்பவராக இருக்க வாய்ப்பு அதிகம். அவரிடம் எப்போது பறித்தது, எப்படிச் சமைப்பது என்று கேட்கலாம். இன்ன குழம்புதான் என்று வீட்டிலேயே முடிவு செய்து பட்டியலுடன் போவதைவிட, கண்ணில் படும் நல்ல காயைப் பார்த்துச் சமையலைத் தீர்மானிப்பவருக்கே இச்சந்தை முழுப் பயன் தரும். பிஞ்சுக் காய்கள் சீக்கிரம் விற்றுத் தீர்ந்துவிடும். ஆகவே விடிந்ததும் துணிப்பையுடன் கிளம்பிவிடுவது நல்லது. கீரை வாங்கினால் அதை அன்றைக்கே சமைத்துவிடுங்கள்.