பொதுமனுக் குழு: தோட்டத்து முறைப்பாட்டுக்கு எவ்வளவு உதவும்?

ஊழியர் சேமலாப நிதி (EPF) நிலுவையானாலும் காணி உறுதியானாலும், "நம்ம எம்.பி. பாராளுமன்றத்தில் பேசினாரா?" என்றுதான் இலங்கை மலையகத்தில் முதலில் கேட்பார்கள். பேச்சு ஹன்சாட்டில் (பாராளுமன்றப் பதிவேட்டில்) பதிவாகும், அவ்வளவுதான். வாய்மூலக் கேள்வியோ, அமைச்சர் கால அவகாசம் கேட்டால் இழுபடும். தனியாள் முறைப்பாட்டுக்குப் பாராளுமன்றத்தின் பொதுமனுக்கள் பற்றிய குழுவே மேல். அதிகாரிகளை அழைத்து நேரிலேயே விளக்கம் கேட்கும்.

மனு ஓர் எம்.பி. மூலமே போக வேண்டும். பலர் சறுக்குவது எழுதும் விதத்தில்தான். "கம்பெனி சேமலாப நிதிக்குத் தன் பங்கான 12 வீதத்தைக் கட்டவில்லை" என்று மட்டும் எழுதினால் நிற்காது. குழு பார்ப்பது அரச அதிகாரியால் நேர்ந்த அநீதியை. ஆகவே அரசின் தொழில் அலுவலகத்தில் எந்தத் திகதியில் முறையிட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று எழுதுங்கள். அங்கத்துவ இலக்கம், பதிவுத்தபால் பற்றுச்சீட்டு, சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் போட்டோ கொப்பி போதும், மூலத்தைக் கைவிடாதீர்கள். சம்பளச் சீட்டில் உங்கள் பங்கான 8 வீதம் வெட்டப்பட்ட வரியைக் கோடிட்டுக் காட்டுங்கள். அதைவிட வலுவான சாட்சி இல்லை.

பெரிய குறை தூரம். விசாரணை பாராளுமன்றம் உள்ள கோட்டேயில் நடக்கும். ஹட்டனிலிருந்து போனால் ஒரு நாள் பேர் (நாள் கூலி) போய்விடும். ஏழைத் தொழிலாளிக்கு இது அநியாயம். குழு மலைநாட்டிலும் அமர வேண்டும்.