மூணு வருஷமா ஒரே ஷாட்டு, சரக்கு ஓகே, அந்தப் பை இருக்கே...

செலாயாங்ல பிளாஸ்டிங் ஷாப் (இரும்புச் சாமான் மேல சின்னக் குண்டுங்கள வேகமா அடிச்சு துரு எடுக்குற கடை) வச்சிருக்க மச்சான் நேத்து வாட்ஸ்அப்ல கேட்டான், நீ போடுற ஸ்டீல் ஷாட், அதான் அந்த எஃகுக் குண்டு, எப்படிடா, நானும் ஒரு பேலட் எறக்கவான்னு. ஒரு வார்த்தையில பதில் சொல்ற விஷயமா இது? பிராண்ட் பேரு மட்டும் இங்க கேக்காதீங்க.

நம்ம கடை பினாங்கு பிறையில. வீல் பிளாஸ்ட் மெஷின், சுத்துற சக்கரத்துல இருக்குற பிளேடுங்கதான் ஷாட்ட வீசும். ஷாட்டு சைஸு எஸ்330. சரக்குல குறை சொல்ல மனசு வரல. கையளவு எடுத்து உள்ளங்கையில பரப்பிப் பாத்தா உருண்டை உருண்டையா இருக்கு, முன்ன வாங்கினதுல பாதிக்கு வால் முளைச்சிருக்கும், ரெண்டு ரெண்டா ஒட்டிக் கிடக்கும். இது சட்டுன்னு உடையாது, மெதுவா தேஞ்சு சின்னதாகுது. வாரா வாரம் ஒரு டப்பா எடுத்து சல்லடையில ஆட்டிப் பாக்குறேன், பெருசு சின்னது எல்லாம் கலந்தே நிக்குது. அந்தக் கலவைதான் வேலை செய்யும், பெருசு துருவ உடைக்கும், சின்னது சந்து பொந்தெல்லாம் தொடச்சு எடுக்கும். அதனால புதுசா போடுறத தினம் கொஞ்சம் கொஞ்சமா போடுங்க, சக்கர மோட்டார் இழுக்குற கரண்டக் காட்டுற அம்மீட்டர் முள்ளு எறங்கினா மெஷினுக்குப் பசிக்குதுன்னு அர்த்தம். சோம்பேறித்தனமா மொத்தமா கொட்டினா மேற்பரப்பு சொரசொரன்னு ஆகி பெயின்ட கூடக் குடிக்கும், அப்புறம் பெயின்டர் வந்து கத்துவான்.

இப்ப பைக்கு வரேன். 25 கிலோ பிளாஸ்டிக் சாக்கு, உள்ள லைனர் கிடையாது. நம்ம ஊரு ஈரத்துக்கு இது எந்த மூலைக்கு? லோரியிலருந்து எறக்கும்போது நாலு தூத்தல் பட்டாப் போதும், ரெண்டு வாரத்துல அடியில இருக்குறது வெல்லக்கட்டி மாதிரி இறுகிக் கிடக்கு. சரி, அதயாவது உடைச்சுக்கலாம். தையல் இருக்கே, தூக்கினா பிரியுது! சேல்ஸ்மேன் கிட்ட சொன்னா, எல்லாரும் இப்படித்தான் அனுப்புறாங்க பாஸுங்கிறார்.

போன மாசம் ராத்திரி ஷிஃப்ட் பையன், பை பிரிஞ்சு தரையில கொட்டினத கூட்டி அள்ளி அப்படியே ஹாப்பர்ல போட்டுட்டான். தரையில என்ன இருக்கும், லோரி டயர் கொண்டு வந்த மணல்தான். ஷாட்டு பிளேட கொஞ்சம் கொஞ்சமா தேய்க்கும், மணல் அறுத்துரும். ஷாட்டுலருந்து தூசி மணலப் பிரிக்கிற காத்து செபரேட்டர் எதுக்கு இருக்குன்னு கேப்பீங்க. ஷாட்டு திரை மாதிரி அகலம் பூரா விழுந்தாத்தான் காத்து மணல ஊதித் தள்ளும், நம்மளுது ஒரு ஓரமா கொட்டிக்கிட்டு இருந்துச்சு, ஷாட்டு விழாத பக்கம் காத்து சும்மா போயிக்கிட்டிருந்துச்சு. நான் திறந்து பாத்து எத்தன மாசமாச்சோ, அதுக்கு பையக் குத்தம் சொல்ல முடியாது. பிளேடு ஒரு செட்டு பூரா மாத்தினேன்.

ரிப்பேருக்கு அப்புறம் ஒரு பழக்கம் வந்துச்சு, அது மட்டும் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. காலி 100 பிளஸ் போத்தல்ல கால்வாசி ஷாட்டு, மேல சுத்தமான தண்ணி, நல்லா குலுக்கி அஞ்சு நிமிஷம் விட்டுருவேன். தண்ணி கலங்கலா நின்னா தூசி போகல, செபரேட்டரப் பாக்கணும். மேல வானவில் மாதிரி மினுக்கினா எண்ணெய், யாரோ கிரீஸோட இரும்ப உள்ள அனுப்பிட்டாங்க, ஒரு பீஸ்ல இருந்த எண்ணெய ஷாட்டு அடுத்த நூறு பீசுக்குத் தடவிக்கிட்டே போகும், பெயின்ட் எப்படி நிக்கும்? காசே செலவில்லாத டெஸ்டு, பையனுங்களும் போட்டி போட்டுக் குலுக்குறானுங்க.

இன்னிக்குக் காலையில மறுபடி ஒரு பை பிரிஞ்சுச்சு. யாரும் சொல்லல, நான் தே தாரிக் கையில வச்சுக்கிட்டு நடந்து வந்தேன், கோலிக்குண்டு மேல கால வச்ச மாதிரி சர்ருன்னு போயி இடுப்பு தரையில. தைலம் தேச்சுக்கிட்டுத்தான் இத டைப் பண்றேன்.

மச்சான், சரக்கு நல்ல சரக்குடா. வாங்காத. எனக்கு அடுத்த பேலட் வியாழக்கிழமை வருது, மூடி போட்ட டிரம் எட்டு வாங்கி வச்சிருக்கேன்.