நின்று குளிக்க முடியாதவர்களுக்கு ஒரு நாற்காலி

பாளையங்கோட்டையில் ஒரு சர்ஜிகல் கடையில் 1,850 ரூபாய் கொடுத்து இந்தக் குளியல் நாற்காலியை வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. அலுமினியக் கால்கள், ஓட்டை போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் இருக்கை, கழற்றி மாட்டக்கூடிய முதுகுச் சாய்வு. 100 கிலோ வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. என் எடை 51 கிலோ, எனக்கு அந்தக் கவலை இல்லை.

சிறுநீரகம் வேலை செய்யாததால் நான்கு வருடமாக எனக்கு டயாலிசிஸ்; இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்து, உடம்பில் தேங்கிய நீரையும் எடுப்பார்கள். திங்கள், புதன், வெள்ளி; காலை ஆறு மணி ஷிப்ட், நான்கு மணி நேரம். ஊசியை எடுத்து, பஞ்சை அழுத்திப் பிடித்து, ரத்தம் நின்று, ஆட்டோ ஏறி வீடு வந்து சேரப் பதினொன்றரை ஆகிவிடும். அதற்குப் பிறகு வருவதைச் சோர்வு என்ற சொல்லில் அடக்க முடியாது. உடம்பைப் பிழிந்து கொடியில் போட்டதுபோல் இருக்கும். தலைமாட்டில் இருக்கும் டம்ளரை எடுக்கலாமா, வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே கிடப்பேன். திங்கள்தான் மிகவும் மோசம். வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவில் இரண்டு நாள் போய்விடுவதால் உடம்பில் நீர் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அத்தனையையும் அதே நான்கு மணி நேரத்தில் எடுத்தாக வேண்டும். இரண்டரை லிட்டர் எடுத்த நாள் என்றால் மறுநாள் காலையிலும் கால் தரையில் பாவாது.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை, சித்திரை வெயில். தலையில் சீயக்காயைத் தேய்த்துவிட்டேன். முதல் செம்புத் தண்ணீரை ஊற்றினேன். இரண்டாவது செம்பு பாதி உயரத்தில் கையோடு நின்றுவிட்டது. கண் இருட்டியது. சுவரைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாளி ஒரு முழ தூரத்தில்தான் இருந்தது, எட்டி எடுக்க முடியவில்லை. சீயக்காய் கண்ணில் வழிகிறது, வெளியே அத்தை கதவைத் தட்டுகிறார், உள்ளே தாழ்ப்பாள். நான் நகர்ந்து போய் அதைத் திறப்பதற்குள் அத்தை அழுதுவிட்டார். தாழ்ப்பாள் போடுவதை அன்றோடு விட்டேன். இந்த நாற்காலியும் அந்த வாரமே வீட்டுக்கு வந்தது.

அதற்கு முன்பு சிறிய பிளாஸ்டிக் முக்காலி ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். அது குழந்தைகளுக்குச் சரி. தாழ்வாக இருப்பதால் எழுந்திருப்பதற்கே இருக்கிற தெம்பெல்லாம் போய்விடும், ஈரத் தரையில் வழுக்கவும் செய்யும். இந்த நாற்காலியின் காலில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. பொத்தானை அழுத்தி உயரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். முழங்கால் செங்கோணத்தில் நிற்கும் அளவுக்கு வைத்துக்கொண்டேன். இதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்தது. எழும்போது முழங்காலுக்குச் சிரமமே இல்லை. வாளியை எதிரே ஒரு முக்காலியின் மேல் வைத்துவிட்டால் குனியவும் வேண்டாம். வெந்நீர் மட்டும் வேண்டாம். சூட்டுக்கு ரத்தக்குழாய் விரிந்து, ஏற்கெனவே இறங்கிக் கிடக்கும் பிரஷர் இன்னும் இறங்கும். வெதுவெதுப்பாகப் போதும். குளித்து முடித்தாலும் உடனே எழுவதில்லை. தலையைத் துவட்டி, ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் எழுகிறேன்.

நான் ரவிக்கை தைப்பவள். முன்பெல்லாம் செவ்வாய்க்கிழமை குளித்ததோடு அன்றைய உழைப்பு முடிந்துவிடும். இப்போது குளித்துவிட்டு வந்து ஒரு ரவிக்கையாவது வெட்டி வைக்க முடிகிறது. 1,850 ரூபாய்க்கு இதற்குமேல் நான் என்ன கேட்பேன்?

குறைகளும் இருக்கின்றன. எங்கள் குளியலறைத் தரை தண்ணீர் வடிவதற்காகச் சரித்துப் போட்டது. ஒரு கால் தரையில் படாமல் நாற்காலி ஆடியது. துளையை மாற்றினால் அளவுக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. பழைய ரப்பர் செருப்பில் ஒரு துண்டு வெட்டி அந்தக் காலடியில் ஒட்டிய பிறகுதான் ஆட்டம் நின்றது. முதுகுச் சாய்வின் திருகாணிகள் எங்கள் போர் தண்ணீருக்கு ஆறே மாதத்தில் துருப்பிடித்துவிட்டன; துருப்பிடிக்காத திருகாணியை ஹார்டுவேர் கடையில் வாங்கி மாற்றினோம். கால்களை அலுமினியத்தில் செய்தவர்கள் நான்கு திருகாணியில் மிச்சம் பிடித்தது எனக்குக் கோபத்தையே தந்தது. இதை வாங்குகிறவர் யாரும் விழுந்து எழும் தெம்பு உள்ளவர் இல்லையே!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நாற்காலி வாங்கியதோடு நிற்காதீர்கள். முதல் வருடம் நான் சிகிச்சை எடுத்த இடத்தில் சோர்வைப் பற்றிச் சொன்னபோது, "டயாலிசிஸ் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டார்கள். நானும் நம்பிவிட்டேன். பிறகு வேறு மருத்துவர் பார்த்தபோது ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.9தான், மிகவும் குறைவு. ரத்தம் ஊறச் செய்யும் எரித்ரோபொய்ட்டின் ஊசியும் இரும்புச்சத்து ஊசியும் போட்டு அது பத்தைத் தாண்டியபோது பாதிச் சோர்வு குறைந்தது. என் டிரை வெயிட்டையும், அதாவது கூடுதல் நீரை எடுத்து முடித்த பிறகு இருக்க வேண்டிய எடையையும், தவறாகக் குறைத்து வைத்திருந்தார்கள். அரைக் கிலோ கூட்டியதும் தலைசுற்றல் அடங்கியது. உங்கள் சோர்வு எந்த நாளில், எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கடைக்குப் போகுமுன் குளியலறைக் கதவின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். எங்கள் கதவில் நாற்காலியைச் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. காலடி ரப்பர் எனக்கு எட்டு மாதத்தில் தேய்ந்துவிட்டது. வாங்கும் அன்றே நான்கு ரப்பர் கூடுதலாகக் கேட்டு வாங்கிவிடுங்கள். பிறகு தனியாக அந்த அளவில் கிடைக்க அலைய வேண்டியிருக்கிறது.