ஹீற்றரோடு வந்த அக்சலோட்டல் தொட்டி

மகள் ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்த அக்சலோட்டலுக்காக (தண்ணீருக்குள்ளேயே வாழும் ஒரு சலமந்தர்) டவுனில் ஒரு மீன் கடையில் தொட்டி செட் ஒன்று வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம், பொடியன்கள் நல்ல பொடியன்கள்தான். ஆனால் இன்னதுக்கு என்று சொல்லியும் அவர்கள் கட்டித் தந்தது கப்பி மீன் வளர்க்கிற செட்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தொட்டி அருமை. 3 அடி நீளம், ஒரு அடி அகலம், கிட்டத்தட்ட 100 லீற்றர் பிடிக்கும். ஓட்டோவுக்குள் குறுக்கே வைத்து, நானும் தம்பியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு உவர்மலை ஏற்றத்தில் குலுங்கிக் குலுங்கி வந்தும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. இறுக்கமான மூடியும் தந்தார்கள், அக்சலோட்டல் சிலநேரம் துள்ளி வெளியே விழுந்துவிடும் என்பதால் அது தேவைதான்.

அதற்குப் பிறகுதான் கூத்து. பெட்டிக்குள் ஒரு ஹீற்றர் இருந்தது. திருகோணமலையில் ஹீற்றர்! கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறு இருப்பது போதாதா? இந்தப் பிராணியின் ஊர் மெக்சிகோவில் சொசிமில்கோ, கடல்மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலே, நுவரெலியாவைவிட உயரம். அதற்கு 16 முதல் 18 பாகை வரை தண்ணீர் வேண்டும். கச்சான் அடிக்கிற நாளில் என் வீட்டுத் தொட்டி 30 காட்டியது.

இதைப் போய்க் கேட்டதற்கு, "ஐஸ் போத்தல் போடுங்கோ அண்ணை" என்றான் கடைப் பொடியன். சரி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 லீற்றரை 29இலிருந்து 18க்கு ஒருதரம் இறக்கவே ஏறத்தாழ 11 கிலோ ஐஸ் வேண்டும், அடுத்த நாள் பழைய சூடு திரும்பிவிடும், மீன்வாடியில்தான் குடியிருக்க வேண்டும். மேலே மின்விசிறி கட்டியதில் இரண்டு பாகை இறங்கியது, அவ்வளவுதான். கடைசியில் சில்லர், அதாவது தொட்டித் தண்ணீரைக் குளிராக்குகிற மெசின், வாங்கினேன். தொட்டி, பில்டர், லைட் எல்லாம் சேர்த்த காசைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போனது. முதலே சொல்லியிருந்தால் தொட்டியை அடுத்த மாதம் வாங்கியிருப்பேன்.

சில்லரை இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. நம்முடைய கடற்கரை ஈரத்துக்குக் குளிர்ந்த கண்ணாடி வெளியே வேர்த்து ஊற்றுகிறது, ஐஸ் தண்ணிக் கிளாஸ் மாதிரி. அந்தத் தண்ணீர் வழிந்து செட்டோடு வந்த சிப்போர்ட் மேசையின் விளிம்பை அப்பம் போல ஊத வைத்துவிட்டது. மேசைக்குப் புள்ளி பூச்சியம். இப்போது தொட்டி அப்பாவின் பழைய பாலை மர மேசையில், அடியில் றெஜிபோம் (தெர்மோகோல்), பக்கத்தில் ஒரு துவாய்.

கலர் கல்லும் ஒரு பை தந்தார்கள். அதைத் தொடவே வேண்டாம். அக்சலோட்டல் இரையைக் கடிப்பதில்லை, வாயைத் திறந்து உறிஞ்சும், கல்லும் சேர்ந்து போய்க் குடலை அடைத்துவிடும். தரையை வெறுமையாக விட்டேன், மண் போடுவதென்றால் மாவு போன்ற நுண்மணல். பில்டரும் வேகம் கூடியது, வெளிவரும் குழாயில் பஞ்சு சுற்றித் தணித்தேன். லைட் பெட்டியிலேயே கிடக்கிறது, வெளிச்சத்தை மறைக்க அக்சலோட்டலுக்குக் கண்ணிமை கிடையாது.

எல்லாவற்றையும்விட எரிச்சல், "நாளைக்கே விடலாம்" என்று சொன்னதுதான். பிராணியின் கழிவிலிருந்து வரும் நச்சு அமோனியாவை நைட்ரைட்டாகவும், அதுவும் நச்சுத்தான், அதை அவ்வளவு கெடுதல் இல்லாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பக்டீரியா பில்டரில் பிடிக்க நான்கு முதல் ஆறு கிழமை, சிலநேரம் அதற்கு மேலும் ஆகும். சூட்டில் அது வேகமாக வளரும் என்பதால் இப்போதைக்குச் சில்லரை நிறுத்தி வைத்திருக்கிறேன், நம்மூர் வெக்கை இதற்கு மட்டும் உதவட்டும்.

கடைக்கு ஐந்துக்கு இரண்டு, இரண்டும் கண்ணாடிக்கு. ஹீற்றரைத் திருப்பி எடுத்தார்கள், அதையும் சொல்ல வேண்டும், ஆனால் காசு தரவில்லை, அந்த விலைக்கு மீன் பிடிக்கிற வலை இரண்டு தந்தார்கள். இன்று மூன்றாம் கிழமை. மகள் காலையில் பள்ளிக்கூடம் போக முதல் சோதனைக் குழாயை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தாள், நைட்ரைட் இன்னும் கத்தரிப்பூ நிறம்தான், அதாவது அது இன்னும் தண்ணீரில் இருக்கிறது.