பேன்கேக் பாக்கெட்டும் எங்கள் வீட்டுத் தோசைக்கல்லும்: மூன்று வருட அனுபவம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சமையலில் கெட்டிக்காரன் இல்லை. பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் மண்டபம் ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். மனைவிக்கு ராமநாதபுரத்தில் வேலை, காலையில் ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், அதனால் பிள்ளைகள் இரண்டு பேருக்கும் காலைச் சாப்பாடு என் தலையில். இட்லி மாவு, தோசை மாவு எல்லாம் அவள் அரைத்து வைத்துவிடுவாள். ஆனால் போனில் எதையோ பார்த்துவிட்டு, "அப்பா, பேன்கேக்" என்று சின்னவன் ஒருநாள் ஆரம்பித்தான். 2022 டிசம்பர். மாதம் மறக்காததற்குக் காரணம், பாம்பன் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்தியது அப்போதுதான். ராமேஸ்வரம் போகிறவர்கள் இந்தப் பக்கமே இறங்கி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து வாரத்துக்கு இரண்டு நாளாவது எங்கள் வீட்டில் பேன்கேக் உண்டு.

இந்த மூன்று வருடத்தில் மூன்று வகையையும் வாங்கி, செய்து, கெடுத்துப் பார்த்துவிட்டேன். ஒன்று, பால் ஊற்றிக் கரைத்து நாமே சுட்டுக்கொள்ளும் மாவுப் பாக்கெட். இரண்டு, பெட்ரோல் பங்க் கடையிலும் சூப்பர் மார்க்கெட்டிலும் பிரித்தவுடன் சாப்பிடுகிற மாதிரி தொங்கும் ரெடிமேட். மூன்றாவது வீட்டிலேயே மைதா, முட்டை, பால் கலந்து சுடுவது. எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள், நான்கைந்து வாங்கியிருக்கிறேன், எதுவும் பெரிய வித்தியாசமில்லை.

மாவுப் பாக்கெட்டில்தான் தொடங்கினேன். முதல் நாள் அருமையாக வந்தது, பிள்ளைகள் தட்டை வழித்தார்கள், நானும் பெரிய ஆள் ஆகிவிட்ட மாதிரி நினைத்துக்கொண்டேன். மீதி மாவை ரப்பர் பேண்ட் போட்டு அலமாரியில் வைத்தேன். இடையில் மழை பிடித்துக்கொண்டது. கடலோரத்தில் இருக்கிறவர்களுக்குத் தெரியும், இங்கே உப்பு ஜாடியே தண்ணீர் விடும், அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமுத்துப்போகும். மூன்று வாரம் கழித்துப் பாக்கெட்டைத் திறந்தால் மாவு கட்டி கட்டியாக இருக்கிறது. சலித்துக் கரைத்து ஊற்றினேன். பொங்கவே இல்லை, வறட்டி மாதிரி கிடந்தது. சின்னவன் அதைத் தட்டில் தட்டிச் சத்தம் எழுப்பிக் காட்டினான்.

காரணத்தை அப்புறம்தான் தேடிப் படித்தேன். பாக்கெட்டின் பின்னால் சேர்மானப் பட்டியல் இருக்கும், எது எடையில் அதிகமோ அது முதலில் வரும். மைதா, அடுத்தது சர்க்கரை, பால் பவுடர், உப்பு, கடைசியில் 500, 450 என்று இரண்டு எண்கள். 500 என்பது வேறொன்றும் இல்லை, நம் ஆப்ப சோடா. 450 அதோடு சேர்ந்து பொங்க வைக்கும் அமில உப்பு. ஈரம் பட்டால்தான் இரண்டும் ஒன்றோடொன்று வேலை செய்து காற்றுக் குமிழ் விடும், அந்த ஈரத்தை அடுப்புக்கு வருவதற்கு முன்பே எங்கள் ஊர்க் காற்று கொடுத்துவிடுகிறது. சத்தெல்லாம் அலமாரியிலேயே போய்விட்ட மாவில் நாம் என்ன செய்தாலும் தோசைதான் வரும். இப்போது எந்தப் பேக்கிங் பவுடராக இருந்தாலும் ஒரு சிட்டிகையை வெந்நீரில் போட்டுப் பார்க்கிறேன், சுறுசுறுவென்று நுரைத்தால் உயிர் இருக்கிறது, சும்மா கரைந்தால் குப்பைக்கு.

சரி, பாக்கெட் நேரத்தையாவது மிச்சம் பிடிக்கிறதா? ஒருநாள் கடிகாரத்தை வைத்தே பார்த்தேன். பாக்கெட் மாவில் எட்டு பேன்கேக் சுட்டு இறக்க 14 நிமிடம், எல்லாவற்றையும் தனித்தனியாக அளந்து போட்டால் 16. கல் காய்வதும், ஊற்றுவதும், திருப்புவதும் இரண்டிலும் ஒன்றுதானே. முட்டை, பால், வெண்ணெய் பாக்கெட்டுக்கும் தேவைப்படுகிறது. இரண்டு நிமிடத்துக்காக மைதாவுக்கும் சர்க்கரைக்கும் மூன்று நான்கு மடங்கு விலை கொடுத்துக்கொண்டிருந்தேன் என்பது தடைக்காலம் வந்தபோதுதான் உறைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் யாருக்கு? எங்களுக்குச் சம்பளமும் பாதிதான். அந்த வருடம் பாக்கெட்டை நிறுத்தினேன், மறுபடி வாங்கவில்லை. எட்டு பேன்கேக்குக்கு வீட்டில் எனக்கு நாற்பது ரூபாய் சுமாருக்கு ஆகிறது, அதில் பெரும்பகுதி வெண்ணெயும் பாலும்தான்.

ரெடிமேட் கதை வேறு. உள்ளே சாக்லேட் தடவி மடித்து உறையில் அடைத்திருப்பார்கள், பஞ்சு மாதிரி இருக்கும். அந்த மென்மைதான் எனக்குச் சந்தேகம். வீட்டில் சுட்டது மறுநாளே விறைக்கிறது, இது மட்டும் எப்படி மாதக்கணக்கில் மெத்தென்று இருக்கிறது? பட்டியலில் 422 இருந்தது, கிளிசரின், ஈரம் காயாமல் பிடித்து வைப்பதற்கு. 202, 282 பூசணம் பிடிக்காமல் இருப்பதற்கு. இதெல்லாம் அனுமதிக்கப்பட்டவைதான், பயமுறுத்த எழுதவில்லை. வாயில் வைத்தால் முதல் கடி நன்றாக இருக்கிறது, மூன்றாவது கடியில் ஈறோடு ஒட்டிக்கொண்டு இனிப்பு மட்டும் நிற்கிறது, முட்டை வாசனையோ வெண்ணெய் வாசனையோ தேடினாலும் கிடைக்காது. பெரியவளுக்குப் பிடிக்கவில்லை. சின்னவனுக்குப் பிடிக்கும், அவனுக்கு உறை பிரிப்பதே பிடிக்கும்.

ஆனால் ஒரு இடத்தில் ரெடிமேட் என்னை ஜெயித்துவிட்டது. 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்து ரயில் ஓட ஆரம்பித்ததும், பிள்ளைகளுக்குப் பாலத்தைக் காட்டுவதற்காகவே ராமேஸ்வரம் போய் அங்கிருந்து சென்னை ரயில் ஏறினோம். நான் பெருமையாக வீட்டில் சுட்டதைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனேன். பாலும் முட்டையும் சேர்ந்தது, ஏப்ரல் வெக்கை, சூடு ஆறுவதற்குள் மூடியும் வைத்துவிட்டேன். காலையில் செங்கல்பட்டு தாண்டித் திறந்தபோது புளித்த வாடை. மனைவி பையிலிருந்து எடுத்தது பெட்ரோல் பங்கில் வாங்கிய பாக்கெட். ஒன்றும் சொல்லவில்லை, எடுத்து நீட்டினாள், அவ்வளவுதான். பயணத்துக்கு அது சரி, ஒத்துக்கொள்கிறேன்.

இனி வீட்டு முறை, இதில்தான் நிறைய அடிபட்டிருக்கிறேன். முதல் அடி மீன் வாடை. முந்தின இரவு சூடை மீன் பொரித்த இரும்புக் கல்லில் பேன்கேக் ஊற்றினேன். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் இரும்புக்கல் மீன் எண்ணெயை விடாது. அதற்குப் பிறகு பேன்கேக்குக்கு என்று தனிக் கல், அதில் மீனுக்கு அனுமதியில்லை. இரண்டாவது, மாவை மிக்ஸியில் அடிப்பது. அடிக்க அடிக்க மைதாவில் இழுவை ஏறி, பரோட்டா மாவு மாதிரி ரப்பராகிவிடும். கரண்டியால் பத்துப் பதினைந்து சுற்று, அங்கங்கே சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும், ஐந்து நிமிடம் மூடி வைத்தால் போதும். மூன்றாவது, தீ. தோசைக்குக் காய்வதைப் போலக் காயவிட்டால் வெளியே கருகி உள்ளே களி. நடுத்தரத்துக்கும் கீழே வைத்து, தண்ணீர் தெளித்தால் துளி உருண்டு ஓடுகிற பதத்தில் ஊற்ற வேண்டும். மேலே குமிழ் வெடித்து, வெடித்த ஓட்டை மூடாமல் நின்றால் திருப்பலாம். ஒரே ஒரு தடவைதான், தட்டி அமுக்கக் கூடாது, அந்தக் கை வராமல் இருக்க எனக்கு ஒரு வருடம் ஆனது.

என் அளவு இது: ஒரு கப் மைதா, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, ஒரு முட்டை, முக்கால் கப்புக்குச் சற்று மேலே பால், உருக்கிய வெண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. இதில் உலர்ந்த சாமானை மட்டும் நான்கு மடங்காகக் கலந்து எவர்சில்வர் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், அதுதான் இப்போது எங்கள் வீட்டு 'பாக்கெட்'. மழைக்காலத்தில் பேக்கிங் பவுடரை மட்டும் டப்பாவில் சேர்ப்பதில்லை, அன்றன்றைக்கு. மிஞ்சினால் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள், அங்கே தான் சீக்கிரம் விறைக்கும். உறைய வைக்கும் மேல்தட்டில் வைத்து, வேண்டும்போது கல்லில் போட்டு இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடினால் கிட்டத்தட்டப் புதிதுதான்.

பேன்கேக் மேல் ஊற்றும் பாகைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாதிதான் சொன்னதாகும். அசல் மேப்பிள் பாகு ஒரு லிட்டர் வர சுமார் 40 லிட்டர் மரச்சாறு காய்ச்ச வேண்டுமாம், விலை நமக்கு எட்டாது. பேன்கேக் சிரப் என்று நான் வாங்கிய புட்டியில் இருந்தது நிறமும் வாசனையும் சேர்த்த சர்க்கரைப் பாகு. பனைமரக் காட்டுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு அதை எதற்கு வாங்கினேன் என்று தெரியவில்லை. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி 200 கிராம் தட்டிப் போட்டு அரை கப் தண்ணீரில் கரைத்து, மண்ணை வடிகட்டி, ஒரு சிட்டிகை சுக்குத்தூளோடு கொதிக்க வைத்து, இன்னும் நீர்க்க இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும், ஆறினால் தானே கெட்டியாகும். பெரியவள் பேன்கேக் சாப்பிடுவதே இதற்காகத்தான்.

அம்மாவுக்கு மட்டும் இதில் எதுவும் பிடிக்கவில்லை. அவர் சிலோனில் பிறந்தவர், தேயிலைத் தோட்டத்தில். தாத்தா துரை பங்களாவில் அப்பு, அதாவது சமையல்காரர். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பல் ஏறி வந்து, மண்டபம் முகாமில் இருந்து, மற்றவர்கள் நீலகிரிக்கும் கோவைக்கும் போனபோது இவர்கள் இங்கேயே தங்கிவிட்டார்கள். அம்மா செய்யும் பேன்கேக்கில் சோடாவே கிடையாது. மைதா, முட்டை, தேங்காய்ப்பால், உப்பு, மெல்லிசாக ஊற்றி, உள்ளே தேங்காய்ப்பூவைக் கருப்பட்டியில் கிளறி வைத்துச் சுருட்டுவார். அங்கே கருப்பட்டிக்குப் பதில் கித்துள் பாணி, அதாவது கித்துள் என்ற பனை வகை மரத்தின் பாகு, ஊற்றிக் கிளறுவார்களாம். என் பேன்கேக்குக்கு அவர் வைத்த பெயர் 'வீங்கின தோசை'. எந்தப் பாக்கெட்டும் அம்மாவின் சுருட்டலுக்குக் கிட்டே வராது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் வருடத்துக்கு நான்கு தடவைதான் செய்வார் என்பதுதான் குறை.

எனக்கு இன்னும் கைவராதது கோதுமை. மைதா பாதி, கோதுமை பாதி போட்டு, இரண்டு கரண்டி பால் கூட்டி, கால் மணி நேரம் ஊறவிட்டால் நன்றாக வருகிறது. முழுக்கக் கோதுமை என்றால் இன்றைக்கும் சப்பென்று கனத்துப்போகிறது, தயிரும் ஆப்ப சோடாவும் போட்டும் பார்த்துவிட்டேன். யாராவது சரியாகச் செய்திருந்தால் அளவைச் சொல்லுங்கள், தவிடு சலித்தீர்களா இல்லையா என்பதையும் சேர்த்து.