பழைய காரில் பெட்ரோல் ஆவி ஹோஸ் வெடித்தால்: ஒட்டுவதா, வெட்டி இணைப்பதா, புதிதாகப் போடுவதா?

கேரள-தமிழக எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் மாருதி 800, ஜென், பழைய சான்ட்ரோ எல்லாம் இன்னும் தினசரி ஓடிக்கொண்டிருக்கின்றன. நம்பர் பிளேட்டில் கே.எல். 70 இருக்கலாம், டி.என். 41 இருக்கலாம்; வண்டிகளின் வயதும் வரும் தொல்லைகளும் ஒன்றுதான். அதில் ஒன்று, வெயிலில் நிறுத்திய வண்டியிடம் போனால் வரும் பெட்ரோல் வாடை. குனிந்து பார்த்தால் தரையில் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. மெக்கானிக் தேடிப் பார்த்து, வெடிப்பு விட்ட ஒரு கறுப்பு ரப்பர் குழாயைக் காட்டுவார். "இது ஆவி போற ஹோஸ்தாங்க, இதுல பெட்ரோலா போகுது? டேப் சுத்தி விட்டுக்கலாம்" என்பார். இந்த "ஆவிதானே" என்ற பேச்சு தப்பு. எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்வியே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

திரவ பெட்ரோல் தானாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அதனால் மேலே பறந்து கலைந்துபோகாமல் தாழ்வான இடத்தில் தங்கிவிடும். மூடிய ஷெட், ஒர்க் ஷாப்பில் வண்டிக்கு அடியில் இறங்கும் குழி, இரண்டும் அதற்கு வசதியான இடங்கள். காற்றில் ஒன்றரை சதவீதம் அளவுக்குக் கலந்தாலே ஒரு பொறி போதும். ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 40 டிகிரியைத் தொடும்போது டேங்கிலிருந்து எவ்வளவு ஆவி கிளம்பும் என்று யோசித்துப் பாருங்கள்.

இந்த ஆவியை வெளியே விடாமல் பிடிப்பதற்குத்தான் கேனிஸ்டர் என்ற கரி டப்பா. டேங்கிலிருந்து ஒரு ஹோஸ் டப்பாவுக்கு வரும். உள்ளே இருக்கும் கரி ஆவியை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எஞ்சின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, இன்னொரு ஹோஸ் வழியாக எஞ்சின் அதை இழுத்து எரித்துவிடும். எந்தப் பக்கத்து ஹோஸ் கெட்டது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். டேங்க் பக்கம் என்றால் வாடை மட்டும். வண்டி ஓட்டத்தில் ஒரு குறையும் தெரியாது. எஞ்சின் பக்கம், அதாவது பர்ஜ் வால்வுக்கும் மேனிஃபோல்டுக்கும் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) நடுவில் வெடித்தால், அந்த வெடிப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே போய் ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும் வேகம், ஏறி இறங்கும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அந்த ஹோஸை மேனிஃபோல்டை ஒட்டி விரலால் அழுத்திப் பிடியுங்கள். ஐடிலிங் சீரானால் திருடன் அகப்பட்டான். குறடால் நசுக்க வேண்டாம், காய்ந்த ரப்பர் அப்படியே உடைந்துவிடும்.

800, ஜென் வயது வண்டிகளில் இந்தக் கசிவைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு கிடையாது, டேஷ்போர்டில் விளக்கு எரியாது. புகைச் சான்றுக்குப் போனாலும் சைலன்சரில் வருவதைத்தான் அளப்பார்கள். ஆக, மூக்கைத்தான் நம்ப வேண்டும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால் ஹோஸ் எப்படிக் கெட்டது என்று பார்த்தாக வேண்டும். என் கணக்கில் இதுதான் பாதி வேலை. தென்னந்தோப்பு ஓரமாக நிற்கும் வண்டிகளில் எலியும் அணிலும் கடித்திருக்கும்: ஓரிடத்தில் மட்டும் பல் தடம், மற்ற இடமெல்லாம் ரப்பர் வழவழப்பாகவே இருக்கும். உலோக விளிம்பில் உரசித் தேய்ந்ததும் ஓரிடத்தோடு நிற்கும். ஆனால் வயதாகிக் கெட்ட ஹோஸை வளைத்தால் நீளம் முழுக்கச் சின்னச் சின்ன வெடிப்புத் தெரியும். நகத்தால் அழுத்தினால் பதியாது. நாலாவது வகை இப்போது அதிகமாகியிருக்கிறது: ஹோஸ் உப்பி, கொழகொழவென்று ஆகியிருக்கும். இப்போது பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

இனி வழிகள்.

டேப், பசை: இதைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. இன்சுலேஷன் டேப்பின் ஒட்டைப் பெட்ரோல் ஆவி கரைத்துவிடும். எபாக்ஸி கல்லாக இறுகும். ஹோஸோ எஞ்சினோடு சேர்ந்து ஆடிக்கொண்டே இருக்கும், இரண்டும் ஒத்துப்போகாது. நடுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு போய்ச் சேரும்வரைக்கும், அதுவும் எஞ்சின் பக்கத்து ஹோஸுக்கு மட்டும், சரி.

போல்ட் வைத்து அடைப்பது: சிலர் ஹோஸைக் கழற்றிவிட்டு முனையில் ஒரு போல்ட்டைத் திணித்துக் கிளிப் போட்டுவிடுகிறார்கள். வாடை நின்றுவிடும், அதனால் வேலை முடிந்ததாகத் தோன்றும். டேங்க் பக்கத்தை அடைத்தால் டேங்க் மூச்சுவிட வழியில்லை. வெயிலில் உள்ளே அழுத்தம் ஏறும். மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று பெட்ரோலோடு பீய்ச்சும். மூடியில் உள்ள வால்வும் வேலை செய்யவில்லை என்றால், ஓடும்போது டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் வரத்துக் குறைந்து எஞ்சின் திணறும். எஞ்சின் பக்கத்தை மட்டும் அடைத்தால் ஓட்டத்தில் குறை தெரியாது, ஆனால் கரி நிரம்பி வழிந்து ஆவி வெளியேதான் வரும். அவசரத்துக்குக்கூட நான் டேங்க் பக்கத்தை அடைக்க மாட்டேன்.

வெட்டி இணைப்பது: இதைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எலி கடித்த இடத்தை இருபுறமும் ஒரு விரல் தள்ளி நேராக வெட்டி, சரியான அளவுப் பித்தளை ஜாயின்டர் வைத்து, இரண்டு கிளிப் போட்டால் அது முழுமையான வேலை. வெடிப்பு முனையில் மட்டும் இருந்து நீளமும் மிச்சம் இருந்தால் ஜாயின்டர்கூட வேண்டாம். முனையை வெட்டிவிட்டுத் திரும்பச் சொருகலாம். மீதி ரப்பர் நல்ல ரப்பராக இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. வயதான ஹோஸில் இதைச் செய்தால் அடுத்த மாதம் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு விடும்.

உண்மையான போட்டி மீட்டர் கணக்கில் வாங்கும் ஹோஸுக்கும் கம்பெனி ஹோஸுக்கும்தான்.

மீட்டர் ஹோஸ் பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கேட்டால் கிடைக்கும். ஆனால் "ஒரு ஹோஸ் குடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள், பெட்ரோலுக்கான ஹோஸ் என்று சொல்லிக் கேளுங்கள். மேலே எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்7 அல்லது ஆர்9 என்ற தரக் குறியீடு அச்சடித்திருக்கும். ஆர்7 ஆவிக்குத் தாராளமாகப் போதும், ஆர்9 இன்ஜெக்‌ஷன் அழுத்தத்துக்கானது, போட்டால் தப்பில்லை. ரேடியேட்டர் ஹோஸ், ஹீட்டர் ஹோஸ் ரப்பர் வேறு, பெட்ரோல் பட்டால் ஊதிவிடும். பளபளப்பான நீல, சிவப்பு சிலிகான் ஹோஸ் பார்க்க அழகு. சூட்டைத் தாங்கும், ஆனால் பெட்ரோலைத் தாங்காது, ஆவியும் அதன் வழியே ஊறி வெளியே வரும். மீன் தொட்டிக்குப் போடும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ட்யூப் கொஞ்ச நாளில் மஞ்சளாகி விறைத்துவிடும். இந்த மூன்றையும் கடைக்காரர் நல்ல மனதோடேயே எடுத்துக் கொடுப்பார், வாங்காதீர்கள். பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய் உள் விட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். கொஞ்சம் பெரிதாக வாங்கி கிளிப்பால் இறுக்கிச் சரிக்கட்டுவதும் கசியும்.

மீட்டர் ஹோஸின் பலவீனம் வளைவு. இடமில்லாத மூலையில் திருப்பினால் நடுவில் மடிந்து அடைத்துக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மடிந்தால், போல்ட் வைத்து அடைத்த அதே கதைதான். அங்கேதான் கம்பெனி ஹோஸ் ஜெயிக்கிறது. வளைவோடேயே அச்சில் வார்த்தது. சில ஹோஸில் ஒரு முனை ஒரு அளவு, மறுமுனை வேறு அளவு. டேங்க் மேல் உள்ள குட்டை ஹோஸ்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் கிடைக்க வேண்டுமே! ஜென் உற்பத்தி 2006-லும், 800 உற்பத்தி 2014-லும் நின்றுவிட்டன. கடையில் தேடி எடுத்துக் கொடுத்தாலும் அது வருடக்கணக்காக அலமாரியில் கிடந்த ரப்பராக இருக்கலாம். வாங்கும்போதே வளைத்துப் பாருங்கள். பாக்கெட் புதிது என்பதால் ரப்பர் புதிதாகிவிடாது.

கோவை உக்கடத்தில் பழைய சாமான் கடைகளில் இதே ஹோஸ் மலிவாகக் கிடைக்குமே என்று கேட்பார்கள். உடைந்த கேனிஸ்டர் தாங்கி, உலோகக் குழாய் வாங்க உக்கடம் நல்ல இடம். ரப்பருக்கு வேண்டாம், அதுவும் உங்கள் வண்டி வயதுதான்.

ஆக, வயதான ஹோஸ் என்றால் நான் செய்வது கலப்பு: நேராகப் போகும் இடமெல்லாம் மீட்டர் ஹோஸ், வளைவுக்கு மட்டும் கம்பெனி ஹோஸ். ஒன்று போனால் மற்றதும் அதே வயதுதான் என்பதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுவது நல்லது. மீட்டர் ஹோஸுக்கு ஆகும் செலவு சில நூறு ரூபாய்தான். கூலிதான் கூட, அதிலும் டேங்கை இறக்க வேண்டியிருந்தால். அதற்குப் பெட்ரோல் அடிமட்டத்துக்கு வந்த நாளாகப் பார்த்துப் போங்கள்.

கிளிப் விஷயத்தில் கறாராக இருங்கள். கட்டுக்கம்பி சுற்றுவது நம் ஊர்ப் பழக்கம். அது ரப்பரை அறுத்துக்கொண்டு உள்ளே போகும். பழைய ஸ்பிரிங் கிளிப் துருப்பிடிக்காமல் இருந்தால் அதையே போடலாம், ரப்பர் இளகினாலும் அது விடாமல் பிடித்திருக்கும். கேனிஸ்டரில் எந்த ஹோஸ் எங்கே போகிறது என்று கழற்றும் முன் போன் கேமராவில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றிச் சொருகினால் அடைப்பும் வாடையும் திரும்ப வரும்.

வேலை எஞ்சின் ஆறிய பிறகு, வெளியே காற்றோட்டத்தில், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு நடக்கட்டும். குழிக்குள் இறங்கி வேண்டாம். கசிவு பார்க்க ஊதுபத்திப் புகை காட்டும் ஆட்களைக் கண்டால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். டயருக்கு அடிக்கும் காற்றை ஹோஸில் விடவும் சம்மதிக்காதீர்கள். இந்த அமைப்பைச் சோதிக்க ஒரு பி.எஸ்.ஐ.கூட வேண்டாம், முப்பது பி.எஸ்.ஐ. விட்டால் நல்ல வால்வும் போய்விடும்.

புது ஹோஸ் போட்ட பிறகும் ஹோஸ் வழியாகக் கேனிஸ்டருக்குத் திரவமாகப் பெட்ரோல் வந்தால் கரி பாழாகி, வாடை திரும்பும். பங்கில் கன் தானாக நின்றபின், ரவுண்டாக வர வேண்டும் என்று இன்னும் இரண்டு அழுத்து அழுத்துவதுதான் பெரும்பாலும் அதற்குக் காரணம். கன் நின்ற இடத்திலேயே நிறுத்தச் சொல்லுங்கள்.